வரிசையில் இடம்பிடிக்கும் செலவு: எண்ணி விற்கப்படும் சூப்பர்கார்களின் ஒதுக்கீடும் மதிப்புத் தேய்மானமும்

சூப்பர்கார்களைப் பற்றி வரும் செய்திகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். சில நூறு எண்ணிக்கையில் மட்டும் தயாரான ஒரு கார், முதல் உரிமையாளர் கொடுத்ததைப் போல் இரண்டு மடங்கு விலைக்குக் கைமாறியது என்று ஒரு செய்தி சொல்லும். ஏறத்தாழ அதே விலையுள்ள வேறொரு கார் மூன்றே ஆண்டுகளில் பெரும் பங்கு மதிப்பை இழந்துவிட்டது என்று இன்னொன்று சொல்லும். கையில் பணம் இருந்தும் கார் தரவில்லை என்று ஒருவர் நீதிமன்றம் போகிறார்; கிடைத்த காரை விற்றுவிட்டார் என்பதற்காக இன்னொருவர்மீது நிறுவனமே வழக்குப் போடுகிறது. இவை எல்லாம் ஒரே ஏற்பாட்டின் வெவ்வேறு முகங்கள். அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள, கார் யாருக்கு என்ன நிபந்தனையில் ஒதுக்கப்படுகிறது என்பதையும், அதன் மதிப்பு எந்தக் கட்டத்தில் தேய்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## முதலில் சொற்கள்

1. பட்டியல் விலை: நிறுவனம் அறிவிக்கும் விலை. அமெரிக்காவில் இது சட்டப்படி ஒரு பரிந்துரை மட்டுமே. உண்மையில் என்ன விலைக்கு விற்பது என்பதை டீலர் முடிவு செய்கிறார்.

2. மதிப்புத் தேய்மானம்: வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கழிப்பதை இங்கே குறிப்பிடவில்லை. வாங்கியவர் கையைவிட்டுப் போன மொத்தத் தொகைக்கும், அவர் திரும்ப விற்கும்போது கைக்கு வரும் தொகைக்கும் உள்ள வேறுபாடே இந்தக் கட்டுரையில் தேய்மானம்.

3. ஒதுக்கீடு: தயாராகும் கார்களில் எத்தனை எந்த டீலருக்கு, அந்த டீலரிடமிருந்து எந்த வாடிக்கையாளருக்கு என்ற பங்கீடு. இதில் இரண்டு படிகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். குழப்பங்களில் பாதி, இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது.

4. உடனடி மறுவிற்பனை: ஓட்டும் எண்ணமின்றி, பட்டியல் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியை லாபமாக்க வாங்கி விற்பது. இத்துறையில் இதற்கு ‘ஃபிளிப்பிங்’ என்று பெயர்.

5. முதல் கொள்முதல் உரிமை: உரிமையாளர் விற்க நினைத்தால், வெளியாருக்குத் தருமுன் நிறுவனத்துக்கோ டீலருக்கோ அந்தக் காரைத் தாமே வாங்கிக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும் என்ற ஒப்பந்த நிபந்தனை.

## விலையை ஏற்றிவிட்டால் போதாதா?

நூறு பேர் கேட்கும் பொருள் பத்துதான் இருக்கிறது என்றால் விலையை ஏற்றுவதுதான் வணிகத்தின் வழக்கம். சூப்பர்கார் நிறுவனங்கள் இதை ஓரளவுக்கு மேல் செய்வதில்லை. வரிசை நீளமாக இருப்பதே அவர்களுக்கு ஒரு சொத்து என்பது முதல் காரணம். சந்தை கேட்பதைவிட ஒரு காரைக் குறைவாகவே தயாரிக்க வேண்டும் என்பது, ஃபெராரி நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரியின் கொள்கையாக இன்றும் சொல்லப்படுகிறது. 2024-இல் ஃபெராரி உலகம் முழுவதும் அனுப்பிய கார்கள் 13,752 மட்டுமே. எண்ணிக்கை இவ்வளவு சிறிதாக இருக்கும்போது, ஒரு மாடலில் கிடைக்கும் கூடுதல் லாபத்தைவிட, அந்த மாடலுக்காக ஏங்குகிறவர் மற்ற மாடல்களையும் வாங்கிக்கொண்டிருப்பது நிறுவனத்துக்கு அதிகப் பலன் தருகிறது.

இரண்டாவது காரணம், நடுவில் டீலர் இருப்பது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், டீலர்களை வைத்து விற்கும் நிறுவனம் அவர்களைத் தாண்டி வாடிக்கையாளருக்கு நேரடியாகக் கார் விற்க முடியாது. டீலர் தனி முதலாளி; காரைத் தன் பணத்தில் வாங்கித் தன் பொறுப்பில் விற்கிறார். ஆகவே பட்டியல் விலையின் மேல் ஒரு தொகையை அவரே ஏற்றி வைக்கலாம். இந்த டீலர் கூடுதலில் நிறுவனத்துக்கு ஒரு காசும் வராது. வாடிக்கையாளரின் கசப்பு மட்டும் நிறுவனத்தின் பெயரில் சேரும். எனவே விலையைக் கட்டுப்படுத்த முடியாத நிறுவனம், தன் கையில் இருக்கும் ஒரே கடிவாளமான ஒதுக்கீட்டைப் பிடித்துக்கொள்கிறது. எந்த டீலருக்கு எத்தனை கார் என்பது அவர் சாதாரண மாடல்களை எவ்வளவு விற்கிறார் என்பதைப் பெரும்பாலும் பொறுத்திருக்கிறது. அந்த அழுத்தத்தை டீலர் அப்படியே வாடிக்கையாளரிடம் தள்ளிவிடுகிறார்.

## யாருக்குக் கிடைக்கிறது?

ஃபெராரியில் எண்ணி விற்கப்படும் கார்களை ‘முதல் முறையாக வருகிறேன்’ என்று சொல்லி யாரும் வாங்கிவிட முடியாது. 499 கார்கள் என்று அறிவிக்கப்பட்ட லாஃபெராரி மாடலானாலும், 2024 அக்டோபரில் 799 கார்கள் என்று அறிவிக்கப்பட்ட எஃப்80 ஆனாலும், இருந்த இடங்களைவிடக் கேட்டவர்கள் மிக அதிகம். இதுவரை எத்தனை கார் வாங்கியிருக்கிறார், அவற்றை வைத்திருக்கிறாரா விற்றுவிட்டாரா, நிறுவனத்தின் கார் பந்தய நிகழ்ச்சிகளுக்கு வருகிறாரா என்பவையெல்லாம் எடைபோடப்படுகின்றன. மதிப்பெண் பட்டியல் எதுவும் வெளியிடப்படுவதில்லை; எழுதப்படாத விதிகளுக்குத்தான் வலிமை அதிகம்.

இதன் உச்சம் 2016-இல் புளோரிடாவில் தெரிந்தது. பந்தய ஓட்டுநரும், பல அரிய ஃபெராரிகளின் உரிமையாளருமான பிரெஸ்டன் ஹென், லாஃபெராரியின் திறந்த கூரை வடிவமான அப்பெர்டாவுக்காகப் பத்து லட்சம் டாலருக்கான காசோலையை நிறுவனத் தலைவர் செர்ஜியோ மார்க்கியோன்னேவுக்கே அனுப்பினார். காசோலை திரும்பி வந்தது. தகுதியில்லாதவர் என்று ஒதுக்கியதால் தன் பெயருக்குக் களங்கம் நேர்ந்ததாக அவர் தொடுத்த வழக்கைப் பின்னர் அவரே திரும்பப் பெற்றார். வழக்கின் சாரம் சிரிப்பூட்டலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானதுதான். இத்தனை வாங்கியவருக்கே இல்லை என்றால், எவ்வளவு வாங்கினால் போதும்? அந்தக் கேள்விக்கு எந்த டீலரும் எழுத்தில் பதில் தரமாட்டார்.

ஃபோர்டு நிறுவனம் வேறு வழியில் போனது. 2016-இல் புதிய ஃபோர்டு ஜிடியின் முதல் 500 கார்களுக்கு வெளிப்படையாக விண்ணப்பம் வாங்கியது. 6,506 பேர் விண்ணப்பித்தார்கள். பழைய ஜிடி வைத்திருக்கிறீர்களா, காரை ஓட்டுவீர்களா, பொதுவெளியில் உங்களுக்குச் செல்வாக்கு உண்டா என்ற கேள்விகளோடு, விரும்பினால் ஒரு காணொளியும் இணைக்கலாம். தேர்வு செய்தது நிறுவனம். டீலர் சாவியைக் கொடுக்கும் இடமாக மட்டும் இருந்தார். போர்ஷே, 2016-இல் 991 எண்ணிக்கையில் வெளியிட்ட 911 ஆர் மாடலை, ஏற்கெனவே தன் 918 ஸ்பைடரை வாங்கியிருந்தவர்களுக்கே முதலில் காட்டியது. எந்த வழியானாலும், பந்தியில் உட்கார முன்பே மொய் எழுதியிருக்க வேண்டும்.

## தேய்மானம் எங்கே ஒளிந்திருக்கிறது?

பந்திக்கு முந்தைய அந்த மொய்தான் இந்த விஷயத்தின் மையம். எண்ணி விற்கப்படும் காரின் மதிப்பு குறையாது என்று சொல்பவர்கள் அந்த ஒரு காரை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கான இடத்தைப் பிடிக்க வாங்கிய சாதாரண மாடல்களின் தேய்மானம் வேறொரு பேரேட்டில் கிடக்கிறது.

சாதாரண வரிசைக் கார்களில் மதிப்பு கரைவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. வரியும் பதிவுக் கட்டணமும் மறுவிற்பனையில் திரும்பி வருவதில்லை. வாடிக்கையாளர் விருப்பப்படி சேர்க்கும் கார்பன் ஃபைபர் பாகங்கள், தனி வண்ணம், தையல் வேலைப்பாடு போன்றவற்றுக்குக் கொடுத்த பணத்தில் சிறு பகுதியே அடுத்தவரிடம் மீளும். ஃபெராரியின் கார், உதிரிபாக வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்தகைய தனிப்பயன் சேர்க்கைகளால் வருகிறது என்றால், வாங்குகிறவர் பக்கம் எவ்வளவு கரைகிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஒதுக்கீட்டுக்காகக் காத்திருப்பவர் இந்தச் சேர்க்கைகளில் கஞ்சத்தனம் காட்டவும் தயங்குவார். அதோடு, ஒதுக்கீட்டுக்காகவே வாங்கியவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அந்தக் கார்களை விற்க வருவதால், செகண்ட் ஹேண்ட் சந்தையில் அந்த மாடல் குவிந்து விலை மேலும் சரிகிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

1. ஒருவர் 8,00,000 டாலர் பட்டியல் விலையுள்ள அரிய காரை எதிர்பார்த்து, சேர்க்கைகளோடு தலா 4,10,000 டாலருக்கு இரண்டு சாதாரண மாடல்களை அடுத்தடுத்து வாங்குகிறார்.

2. ஒவ்வொன்றையும் ஒன்றரை ஆண்டில் 25 சதவீத நட்டத்தில் விற்கிறார். இரண்டிலும் சேர்த்து இழப்பு 2,05,000 டாலர்.

3. அரிய கார் கைக்கு வருகிறது. அன்றைய சந்தை விலை பட்டியல் விலையைவிட 30 சதவீதம் அதிகம். ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று கையெழுத்திட்டிருக்கிறார்.

4. தடை முடியும்போது அந்த 30 சதவீதம் 10 ஆகச் சுருங்கியிருக்கிறது. 8,80,000 டாலருக்கு விற்று, 5 சதவீதத் தரகாக 44,000 டாலர் கொடுத்தபின் அவருக்கு அந்தக் காரில் மிஞ்சும் லாபம் 36,000 டாலர்.

5. மொத்தத்தில் அவர் 1,69,000 டாலர் இழந்திருக்கிறார். காப்பீடு, பராமரிப்பு, முடங்கிய பணத்துக்கான வட்டி ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை.

அவரிடமிருந்து அந்தக் காரை 8,80,000 டாலருக்கு வாங்குகிறவரைப் பாருங்கள். பட்டியல் விலைக்கு மேல் அவர் கொடுத்தது 80,000 டாலர் மட்டுமே. எந்த டீலருக்கும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளவில்லை, விற்பனைத் தடையிலும் கையெழுத்திடவில்லை. சாதாரண மாடல்களை எப்படியும் விரும்பி வாங்கி ஓட்டியிருக்கக்கூடியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவருக்கு அந்த 2,05,000 டாலர் அனுபவித்த சுகத்தின் விலை. ஒதுக்கீட்டையே இலக்காக வைத்து வாங்குகிறவருக்கோ, தேய்மானம் காணாமல் போகவில்லை, முன்கூட்டியே கட்டப்பட்டுவிட்டது.

## எண் பொறித்த தகடும் உண்மையான அருமையும்

காருக்குள் பொறிக்கப்பட்ட ‘இத்தனையில் ஒன்று’ என்ற தகட்டை மட்டும் நம்பியவர்களுக்கு வரலாறு பலமுறை கையைச் சுட்டிருக்கிறது.

1988-இல் பர்மிங்காம் கண்காட்சியில் ஜாகுவார் காட்டிய எக்ஸ்.ஜே.220 மாதிரியில் வி12 எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் இருந்தன. 350 கார்கள் மட்டும் என்றார்கள். 50,000 பவுண்டு முன்பணத்தோடு கூட்டம் முண்டியடித்தது. 1992-இல் கைக்கு வந்த காரில் டர்போ பொருத்திய வி6 எஞ்சினும் பின்சக்கர இயக்கமும்தான் இருந்தன. அதற்குள் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. முன்பணம் கட்டியவர்கள் விலகப் பார்த்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தயாரிப்பு முந்நூறைக்கூட எட்டவில்லை, தேங்கிய கார்கள் பல ஆண்டுகள் கழித்துத் தள்ளுபடியில் போயின. அதே காலத்தில், ஏறத்தாழ 400 என்று தொடங்கிய ஃபெராரி எஃப்40, தேவை பெருகியதால் 1,300-ஐத் தாண்டியது. 1990-ஐ ஒட்டிய ஊக வணிகத்தில் பட்டியல் விலையைப் போல் பல மடங்கு கொடுத்து அதை வாங்கியவர்கள், சந்தை உடைந்தபோது மாட்டிக்கொண்டார்கள்.

தேவை குறையும்போது எண்ணிக்கையும் குறைக்கப்படும். மெக்லாரன் எல்வா 399 என்று அறிவிக்கப்பட்டு, 249 ஆகி, கடைசியில் 149-இல் நின்றது. ஒரு நிறுவனம் தன் அரிய மாடலோடு நெருங்கிய உறவுள்ள இன்னொரு மாடலை எண்ணிக்கை வரம்பின்றி வெளியிட்டால், முந்தையதன் அருமை ஒரே நாளில் நீர்த்துவிடும். போர்ஷே 911 ஆர் மாடலுக்கு அதுவே நடந்தது. அமெரிக்காவில் 1,84,900 டாலர் பட்டியல் விலையுள்ள அந்தக் காருக்கு மறுவிற்பனையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2017-இல் அதைப் போலவே கைக் கியரும், பின்னிறக்கை இல்லாத அடக்கமான தோற்றமும் கொண்ட 911 ஜிடி3 டூரிங் வந்தது. அதற்கு எண்ணிக்கை வரம்பு வைக்கப்படவில்லை. 911 ஆர் விலை இறங்கியது. பட்டியல் விலைக்கு வாங்கியவருக்கு நட்டமில்லை. உச்சத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியவருக்குத்தான் அடி.

நேர்மாறான கதையும் உண்டு. போர்ஷே கரேரா ஜிடி 1,500 வரை தயாராகும் என்று சொல்லப்பட்டு 1,270-இல் முடிந்தது. 4,40,000 டாலர் விலையுள்ள அந்தக் கார், பிந்தைய சில ஆண்டுகளில் அதற்கும் வெகுவாகக் கீழே கிடைத்தது. இன்று பத்து லட்சம் டாலருக்கு மேல் போகிறது. மின்மோட்டார் உதவி இல்லாத வி10 எஞ்சின், கைக் கியர் என்ற சேர்க்கை இனி வராது என்பது தெரிந்த பிறகே அதன் விலை ஏறியது. இடைப்பட்ட காலத்தில் காத்திருக்க முடிந்தவர்களுக்கே அந்த ஏற்றம் பயன்பட்டது.

## விற்கத் தடை: மூன்று வழிகள்

உடனடி மறுவிற்பனையைத் தடுக்க நிறுவனங்கள் கையாளும் வழிகள் காலத்தோடு மாறியிருக்கின்றன.

1. உரிமையைக் கொடுக்காமல் இருப்பது. 349 எண்ணிக்கையில் தயாரான ஃபெராரி எஃப்50 மாடலில் அமெரிக்காவுக்கு வந்த 55 கார்கள் 24 மாத லீஸில் தரப்பட்டன. தொடக்கத்தில் 2,40,000 டாலர், மாதம் 5,600 டாலர், முடிவில் சொந்தமாக்கிக்கொள்ள 1,50,000 டாலர். லீஸ் முடியும்வரை கார் வாடிக்கையாளர் பெயரில் இல்லை. தன் பெயரில் இல்லாததை விற்க முடியாது. இதில் சட்டச் சிக்கல் மிகக் குறைவு. இதே வழியில், 2023-இல் 1,963 எண்ணிக்கையில் வந்த 911 எஸ்/டி மாடலுக்கு அமெரிக்காவில் போர்ஷே முதல் ஆண்டை லீஸாகவே வைத்தது.

2. ஒப்பந்தத்தில் கட்டுவது. ஃபோர்டு ஜிடி வாங்கியவர்கள் இரண்டு ஆண்டுகள் விற்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா சில வாரங்களிலேயே விற்றுவிட்டதாக 2017 இறுதியில் ஃபோர்டு வழக்குத் தொடுத்தது. 2018-இல் சமரசமானது, அவர் கொடுத்த தொகை அறக்கொடைக்குப் போனது. அதே ஆண்டு மே மாதம் இண்டியானாபொலிஸில் மீகம் ஏல நிறுவனம் ஒரு ஜிடியை ஏலத்தில் வைத்தபோது ஃபோர்டு தடுக்க முயன்றும் ஏலம் நடந்தது. ஒப்பந்தம் கையெழுத்திட்டவரைக் கட்டும். அவரிடமிருந்து வாங்கி, அடுத்தடுத்துக் கைமாறிய காரைப் பின்தொடர்ந்து கட்டுவது கடினம். இந்த வகையின் பலவீனம் அதுதான்.

3. பயனைக் குறைப்பது. வழக்கை விரும்பாத நிறுவனங்கள் விற்பதன் லாபத்தைக் கரைக்கப் பார்க்கின்றன. 2022-இல் ஜெனரல் மோட்டார்ஸ், கார்வெட் இசட்06 காரை 12 மாதத்துக்குள் விற்றால் உத்தரவாதத்தின் முக்கியப் பகுதிகள் அடுத்தவருக்கு மாறாது என்று அறிவித்தது. ஓராண்டு வைத்திருப்பவருக்கு 5,00,000 வெகுமதிப் புள்ளிகளையும் தந்தது. 150 என்று அறிவிக்கப்பட்ட வால்கிரி காரை உடனே விற்பவருக்கு இனி எந்தச் சிறப்பு மாடலும் கிடைக்காது என்று ஆஸ்டன் மார்ட்டினின் அன்றைய தலைவர் ஆண்டி பால்மர் வெளிப்படையாகவே சொன்னார். கரும்பட்டியலுக்குச் செலவில்லை, நீதிபதியும் தேவையில்லை.

## தடைக்காலமும் விலைக்கோடும்

மூன்று வழிகளிலும் தடைக்காலம் ஓராண்டு அல்லது இரண்டு ஆண்டு. இந்த அளவு தற்செயலாக வந்ததன்று. எண்ணி விற்கப்படும் காரின் சந்தை விலை, பெரும்பாலும் முதல் சில கார்கள் கைக்கு வரும் மாதங்களில்தான் உச்சத்தில் இருக்கும். அப்போது கேட்பவர் பலர், விற்கக்கூடியவர் யாரும் இல்லை. எல்லாக் கார்களும் வந்து சேர்ந்து, தடைகள் வரிசையாக முடியத் தொடங்கும்போது விற்பனைக்கு வரும் எண்ணிக்கை திடீரென உயர்கிறது. ஆக, வாங்குகிறவருக்கு லாபம் இருக்கும் காலமும் அவர் விற்கக் கூடாத காலமும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்துகின்றன. தடை முடியும் நாளில் தன்னோடு இன்னும் எத்தனை பேருக்கு அது முடிகிறது என்பதே விற்பவர் முதலில் பார்க்க வேண்டிய எண்.

கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய வரிகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன. தடைக்காலம் ஆர்டர் கொடுத்த நாளிலிருந்தா, கார் கைக்கு வந்த நாளிலிருந்தா? மீறினால் செலுத்த வேண்டிய தொகை முன்பே குறிக்கப்பட்டிருக்கிறதா, லாபம் முழுவதையும் கேட்கிறதா? உரிமையாளர் இறந்தாலோ திவாலானாலோ என்ன? எல்லாவற்றையும்விட, முதல் கொள்முதல் உரிமையில் நிறுவனம் திரும்ப வாங்கும் விலை எது?

இந்தக் கடைசி வரி எவ்வளவு முக்கியம் என்பதற்கு லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. சாட்சி. 500 கார்கள், அமெரிக்காவில் 3,75,000 டாலர். ஃபிளிப்பிங்குக்கு அஞ்சிய லெக்ஸஸ் அமெரிக்காவில் முதலில் லீஸ் மட்டுமே என்றது. பின்னர் விற்க ஒப்புக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்குள் விற்பதானால் டீலரே முதலில் வாங்கலாம், அதுவும் சந்தை விலை, பட்டியல் விலை இரண்டில் குறைந்ததற்கு என்று நிபந்தனை வைத்தது. விலை ஏறினால் ஏற்றம் டீலருக்கு, இறங்கினால் இறக்கம் உரிமையாளருக்கு. அவ்வளவு பாதுகாத்துக் காத்த காரில், தயாரிப்பு முடிந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகியும், 2017-இல் ஒரு டஜன் கார்கள் அமெரிக்க டீலர்களிடம் விற்காமலே நின்றிருந்தன.